பாழ்மாளிகையில் சீறும் கூகை

ஆரணியை அடுத்த பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார் கால மாளிகை ஒன்று பாழடைந்து கிடக்கிறது. வெள்ளைக்கார மனைவிக்காகக் கட்டியது என்பது ஊர்க்கதை. மாளிகையோ பழைய மாதாகோயிலோ, ஆளில்லாத கட்டடம் என்றால் இருட்டியபின் அங்கே பேய் மூச்சு வாங்குகிறது என்ற பேச்சும் வந்துவிடும். இப்படிக் கேட்கும் மூச்சு பல இடங்களில் கூகை என்னும் ஆந்தையுடையது.

கூகை தொண்டை கிழிய நீளமாகக் கிறீச்சிடும். கிட்டப் போனால் சீறும். குஞ்சுகள் இரை கேட்டு இரவெல்லாம் குறட்டை விடுவதுபோல் இழுக்கும். மணிக்கூண்டுச் சுவர்களில் அது எதிரொலித்தால் யாருக்கும் குலை நடுங்கத்தான் செய்யும். அந்த நேரம் பார்த்து வெளுத்த உருவம் ஒன்று ஓசையே இல்லாமல் தலைக்கு மேல் கடந்தால் கேட்க வேண்டுமா? ஐரோப்பியக் கிராமத்துத் தேவாலயங்களிலும் இதே பறவைதான் கிலி மூட்டியது. நம்மிடமோ புறநானூற்றின் 364ஆம் பாட்டிலேயே கூகை இடுகாட்டில் இருக்கிறது. அதைப் பாடியவரின் பெயரே கூகைக் கோழியார்.

கூகை ஓசையில்லாமல் பறக்கக் காரணம் அதன் சிறகு. முன்விளிம்பில் நுண்ணிய முட்களின் வரிசை. பின்விளிம்பு பட்டுச்சேலை முந்தானைக் குஞ்சம்போல் மெத்தென்று பிரிந்திருக்கும். காற்று இரைச்சலில்லாமல் வழிந்து போய்விடும். அந்த அமைதியில்தான் எலியின் சலசலப்பு அதற்குக் கேட்கிறது. இதய வடிவ முகம் ஒலியைத் திரட்டித் தர, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமைந்த காதுகள் எலி எந்தப் பக்கம், எவ்வளவு கீழே என்று கணிக்கின்றன. ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கும்மிருட்டு அறையில் சருகு பரப்பி எலியை விட்டார். கூகை குறி தவறாமல் பிடித்தது. எலியளவு காகித உருண்டையைச் சருகில் இழுத்தார்; அதன் மேலும் பாய்ந்தது. வாசனையில்லை, உடற்சூடில்லை, ஒலி மட்டுமே போதும் என்பது தெளிவாயிற்று.

மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைகளுக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள். பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஆரணியில், வயலையும் நெல் மூட்டையையும் காக்கும் பறவையைச் சாவுக்குறி என்று கல்லெறிந்து விரட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டமும் அதைக் காக்கிறது.

பேய் என்று யாராவது சொன்னால் பகலில் போய்ச் சுவரடியில் பாருங்கள். எலி மயிரும் எலும்பும் கலந்த கறுத்த உருண்டைகள் கிடந்தால் அது கூகை கக்கியது. குஞ்சுகள் பறக்கும்வரை பொந்தை அடைக்காதீர்கள். பக்கத்து வயலில் எலி நஞ்சும் வைக்க வேண்டாம். நஞ்சுண்ட எலியைத் தின்றால் கூகையும் சாகும்.