ஒரே சென்ட், நாலு மூக்கு

ஹாஸ்டலில் யாராவது புதுசா ஒரு பெர்ஃப்யூம் வாங்கிட்டு வந்தா, அன்னைக்கு அந்த ரூம்ல பட்டிமன்றம்தான். அதுவும் 'வுடி ஆம்பர்' வகைன்னா கேட்கவே வேண்டாம். ஒருத்தன், "செம மச்சி, பணக்கார வாசனை" என்பான். அடுத்தவன், "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குடா" என்பான். மூணாவது ஆள், "எனக்கு ஒண்ணுமே வரலையே, தண்ணியா?" என்று கேட்பான். நாலாவது ஆள் தலைவலிக்குதுன்னு ஜன்னலைத் திறப்பான்.

இதில் யார் சொல்றது சரி? நாலு பேர் சொல்றதும் சரிதான். எப்படின்னு பார்ப்போம்.

பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு?

'வுடி' என்றால் மர வாசனை. சந்தனம், தேவதாரு, வெட்டிவேர் எல்லாம் இந்தக் குடும்பம். (உலகம் முழுக்க பெர்ஃப்யூம் பாட்டில்களில் இருக்கும் 'வெட்டிவர்' என்ற பெயர், நம்ம வெட்டிவேரில் இருந்து போனதுதான்.)

'ஆம்பர்' கொஞ்சம் குழப்பமான பெயர். நகையில் பதிக்கும் மஞ்சள் ஆம்பருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. பெர்ஃப்யூம் உலகத்தில் இதுக்கு ரெண்டு அர்த்தம். ஒன்று, லாப்டானம் பிசின், வெனிலா, பென்சாயின் சேர்ந்து வரும் இனிப்பான, கதகதப்பான வாசனை. பென்சாயின் வேற எதுவும் இல்லை, நம்ம சாம்பிராணிதான். இன்னொன்று ஆம்பர்கிரிஸ். 'திமிங்கல வாந்தி பறிமுதல், பல கோடி மதிப்பு' என்று அடிக்கடி செய்தியில் வருமே, அதுதான். பழைய தமிழில் மீனம்பர். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாவது. இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி குற்றம்.

அதனால் நீங்க கடையில் வாங்கும் பாட்டிலில் திமிங்கலம் இருக்காது, வேதியியல்தான் இருக்கும். அதில் முக்கியமானவர்கள் ரெண்டு பேர். ஒருத்தர் அம்ப்ராக்ஸான். 1950 வாக்கில் சுவிட்சர்லாந்தின் ஃபிர்மெனிக் நிறுவன வேதியியலாளர்கள் உருவாக்கிய பொருள். கிளாரி சேஜ் என்ற செடியில் கிடைக்கும் ஸ்கிளாரியோலில் இருந்து இதைத் தயாரிக்கலாம். இன்னொருத்தர் ஐசோ ஈ சூப்பர். 1970-களில் அமெரிக்காவின் ஐஎஃப்எஃப் நிறுவனத்தில் இருந்து வந்தது. சந்தைக்கு வரும் ஐசோ ஈ சூப்பர் பல ஐசோமர்களின் கலவை. அதில் நிறைய இருக்கும் மூலக்கூறுக்கு வாசனை ரொம்பக் குறைவு. துளியூண்டு இருக்கும் இன்னொரு ஐசோமர்தான் வாசனையில் பெரும்பகுதியைத் தருகிறது!

மூக்கு ஒரு சென்சார் என்றால்…

எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனினின் மூலக்கூறு எடை 136. அம்ப்ராக்ஸானுக்கு 236. லேசானது சீக்கிரம் ஆவியாகிப் பறந்துவிடும். கனமானது தோலிலும் துணியிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். வாசனை ஆளுக்கு ஆள் மாறும் கதையும் இந்தக் கனமான மூலக்கூறுகளிடம்தான் அதிகம்.

மனித மூக்கில் வேலை செய்யும் வாசனை ஏற்பிகள் சுமார் 400 வகை. இந்த மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டுபிடித்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. எந்த ரெண்டு பேரை எடுத்தாலும் இந்த ஏற்பிகளில் சுமார் 30 சதவீதம் வேற வேற மாதிரி வேலை செய்யும் என்று 2014-இல் ஒரு ஆய்வு காட்டியது. அதாவது இன்புட் ஒன்று, சென்சார் வேற, அதனால் அவுட்புட்டும் வேற.

உதாரணத்துக்கு ஆண்ட்ரோஸ்டீனோன். சிலருக்கு இது மூத்திர நாற்றம், சிலருக்கு வெனிலா மாதிரி இனிப்பு, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஓஆர்7டி4 என்ற ஒற்றை ஏற்பியின் மரபணு வேறுபாடு இதில் பெரிய பங்கு வகிக்கிறது என்று 2007-இல் தெரிய வந்தது. டிடர்ஜென்ட்டிலும் பெர்ஃப்யூமிலும் வரும் கேலக்ஸோலைட் என்ற கஸ்தூரி வாசனை சிலருக்கு வரவே வராது. அதுக்கும் ஒரு ஏற்பி மரபணுவோடு தொடர்பு இருப்பதை 2022-இல் கண்டுபிடித்தார்கள். ஆக, "எனக்கு ஒண்ணும் வரல" என்று சொன்னவன் விளையாடவில்லை.

இதை வைத்தே பிரபலமான பாட்டில்களும் உண்டு. 2006-இல் கேசா ஷோன் வெளியிட்ட 'மாலிக்யூல் 01'-இல் வாசனைப் பொருள் என்று இருப்பது ஐசோ ஈ சூப்பர் மட்டும்தான். போட்டவர்கள் சொல்வது: "வருது, காணாமப் போகுது, திரும்ப வருது." 2015-இல் விற்பனைக்கு வந்த 'பாக்கரா ரூஜ் 540' சிலருக்குக் கருகிய சர்க்கரைப் பாகு, சிலருக்குப் பல் டாக்டர் கிளினிக். நம்ம பசங்க வாங்குவது பெரும்பாலும் அதோட க்ளோன். அதில் மூலக்கூறு விகிதமே வேற என்பதால், ரிவ்யூ பார்த்து முடிவெடுப்பது இன்னும் கஷ்டம்.

உங்க மூக்கே உங்களை ஏமாத்தும்

ஜீன் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு அதைக் கண்டுக்காமல் விட்டுவிடும். காலையில் அடிச்ச சென்ட் பத்து மணிக்கு 'போயிடுச்சு' என்று தோணும். உண்மையில் அது அங்கேயேதான் இருக்கு, பக்கத்து சீட்காரருக்கு நல்லாவே தெரியுது. நீங்க பேக்கில் இருந்து எடுத்து இன்னும் நாலு ஸ்ப்ரே அடிப்பீங்க.

இப்போ ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ரோட்டில் ஜன்னல் மூடிய ஏசி பஸ்ஸை நினைச்சுப் பாருங்க. காலேஜ் பஸ்ஸோ கம்பெனி ஷிப்ட் பஸ்ஸோ, ஒரு மணி நேரம் யாரும் எழுந்து வெளியே போக முடியாது. மைக்ரேன் இருக்கும் ஒரு பொண்ணு, "சென்ட் ஒத்துக்கல" என்றால், "ஓவரா சீன் போடாதே" என்று சிரிப்பது ரொம்ப ஈசி. அந்தப் பக்கம், அதிகமா அடிச்சவரை 'சென்ட் ஃபேக்டரி' என்று பட்டப்பேர் வைத்துக் கூப்பிடுவதும் ஈசி. தன் மேல இருக்கும் வாசனை அவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

தொழிற்சாலை என்ன செய்யுது?

நம்மைச் சுற்றி இருப்பது கார் தொழில். காரின் உள்பாகங்களில் வரும் வாசனையைச் சோதிக்க 'விடிஏ 270' என்ற ஜெர்மன் தரமுறை உண்டு. மாதிரியை மூடிய ஜாரில் வைத்துச் சூடாக்கி, மனிதர்களே முகர்ந்து 1 முதல் 6 வரை மதிப்பெண் தருவார்கள். 1 என்றால் வாசனையே தெரியவில்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. குறைந்தது மூன்று பேர் முகர வேண்டும். மதிப்பெண்களுக்குள் இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், குறைந்தது ஐந்து பேரை வைத்துத் திரும்பச் செய்ய வேண்டும். ஒருத்தர் மூக்கை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதை விதியாகவே எழுதி வச்சிருக்காங்க.

இதையே நாமும் செய்யலாம்:

• ரிவ்யூ பார்த்து முழு பாட்டில் வாங்காதீங்க. 5 மில்லி டெகன்ட் வாங்கி, உங்க தோலில் ரெண்டு மூணு நாள் போட்டுப் பாருங்க.

• மால் ஏசியில் முகர்ந்தது வேற, மே மாச வெயிலில் பஸ் ஸ்டாப்பில் வருவது வேற. சூட்டில் வேகமாக ஆவியாகும், வாசனையும் தூக்கலாகத் தெரியும். வெளியே நடந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

• மூணு பேரிடம் தனித்தனியாக, ஒருத்தர் பதில் இன்னொருத்தருக்குக் கேட்காத மாதிரி, 1 முதல் 6 வரை மார்க் கேளுங்க. அதில் ஒருத்தராவது சென்ட் பிடிக்காதவராக இருக்கட்டும்.

• பஸ், லேப், பிளேஸ்மென்ட் இன்டர்வியூ என்றால் ரெண்டு ஸ்ப்ரே போதும். 'போயிடுச்சு' என்று தோணினால், திரும்ப அடிக்கும் முன் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்க.

• யாராவது "தலைவலிக்குது" என்றால் நம்புங்க. உங்களுக்கு வராத வாசனை அவங்களுக்கு வரலாம்.