இலக்கங்கள் எல்லாம் எண்கள் அல்ல!

2000 முதல் 2009 வரை பிறந்த மலேசியர்களின் அடையாள அட்டை எண் பூஜ்ஜியத்தில் தொடங்கும். அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாளைக் குறிப்பதே காரணம். 2005-இல் பிறந்தவருக்கு அது 05. இந்த 12 இலக்கங்களையும் நிரலில் ஓர் எண்ணாக மாற்றினால், முன்னால் நிற்கும் பூஜ்ஜியம் மறைந்து 11 இலக்கங்களே மிஞ்சும். பிறகு எந்தப் பதிவேட்டில் தேடினாலும் அந்த நபர் கிடைக்கமாட்டார். பெர்லிஸ், கங்காரின் அஞ்சல் குறியீடான 01000-க்கும் இதே கதிதான். அது வெறும் 1000 ஆகிவிடும்.

கணினி அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில், நிரல் எழுதத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஒரு தரவு பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பது வேறு, அது எந்த வகை என்பது வேறு.

பெயர்ப்பலகையும் காவலரும்

பைத்தான் மொழியில் விசைப்பலகை வழியாக எதைத் தட்டினாலும் அது எழுத்துச்சரமாகவே, அதாவது ‘ஸ்டிரிங்’ ஆகவே, நிரலுக்குள் வரும். "5" என்ற சரத்தை 3-ஆல் பெருக்கினால் 15 வராது, "555" வரும். மதிப்பெண்களைச் சரங்களாகவே வைத்து வரிசைப்படுத்தினால் "100", "40"-ஐவிடச் சிறியதாகிவிடும். சரங்களை முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுவதால், 1 முந்திக்கொள்கிறது. முழு மதிப்பெண் பெற்றவர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுவார். நிரலோ எந்தப் பிழையும் காட்டாது.

‘இந்தச் செயற்கூறு முழு எண்ணைத்தான் ஏற்கும்’ என்று குறிப்பு எழுதிவைத்தால் போதாதா? 2015-இல் வெளிவந்த பைத்தான் 3.5 முதல் இத்தகைய வகைக் குறிப்புகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஆனால், நிரல் ஓடும்போது பைத்தான் அவற்றைச் சோதிப்பதில்லை. அவை வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மட்டுமே. காவலரை நாம்தான் நிறுத்த வேண்டும்.

அந்தக் காவலருக்கு மூன்று வேலைகள். வந்த மதிப்பு சரியான வகை என்றால் உள்ளே விடுவது. பொருள் கெடாமல் மாற்ற முடியும் என்றால் மாற்றிவிடுவது. இரண்டும் இல்லையென்றால், காரணத்தைத் தெளிவாகச் சொல்லித் திருப்பி அனுப்புவது. ‘பைடான்டிக்’ என்ற நிரல் தொகுப்பு, நாம் எழுதிய வகைக் குறிப்புகளைப் படித்து இந்த வேலையைச் செய்துதரும்.

மாற்றத்தில் உள்ள பொறிகள்

மாற்றம் நடந்துவிட்டதாலேயே அது சரி என்று ஆகிவிடாது. 79.9-ஐ முழு எண்ணாக மாற்றினால் பைத்தான் சத்தமில்லாமல் 79 தரும். "பொய்" என்ற சொல்லை மெய்/பொய் வகைக்கு மாற்றினால் ‘மெய்’ என்று வரும்; வெற்றாக இல்லாத எந்தச் சரமும் அதற்கு மெய்தான்.

இதன் விலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதை 1996 ஜூன் 4 காட்டியது. பிரெஞ்சு கயானாவிலிருந்து புறப்பட்ட ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், ஏறத்தாழ 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றதே தொடக்கக் காரணம். 16 பிட்டில் அடங்கக்கூடிய உச்ச எண் 32,767. வந்த மதிப்போ அதைத் தாண்டியிருந்தது. அந்த நிரல்பகுதி ஏரியன் 4-இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. ஆபத்து இருந்த ஏழு மதிப்புகளில் நான்கிற்கு மட்டுமே பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது.

நம் நிரலுக்கு ஓர் எளிய விதி போதும்: கூட்டவோ கழிக்கவோ போகும் இலக்கங்களை மட்டும் எண்ணாக மாற்றுங்கள். அடையாள அட்டை எண், கைப்பேசி எண், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அவை சரமாகவே இருக்கட்டும்.

அடுத்த முறை மதிப்பெண் கணக்கிடும் செயற்கூறு எழுதும்போது, அதற்கு "80", 79.9, "எண்பது", வெற்றுச் சரம் ஆகிய நான்கையும் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன நடக்க வேண்டும் என்பதை, நிரலை ஓட்டுவதற்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள்.