வீட்டில் அமர்ந்திருந்தால் வந்திருக்குமா?

சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் தாழ்வாரத்தில் ஓர் இளைஞர் எனக்காகக் காத்திருந்தார். ஒரு தொழிற்சாலையில் சரக்குக் கொள்முதல் செய்யும் பிரிவில் அவருக்கு உத்தியோகம்.

"ஹஜ்ரத், எங்கள் கம்பெனிக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர் என் தங்கையின் நிக்காஹுக்கு அரைப் பவுன் மோதிரம் கொடுத்தனுப்பினார். நான் கேட்கவில்லை. பில்லில் ஒரு பைசாவும் கூட்டிப் போடவில்லை. இது ஹலால்தானே?" என்று வினவினார்.

மனம் உறுத்தாத மனிதர் மழைத் தூறலில் கால்மணி நேரம் காத்து நிற்க மாட்டார் அன்றோ! அவரை உட்காரவைத்து ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அஸ்து கோத்திரத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை பனூ ஸுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து கணக்கை ஒப்புவித்தார். ஒரு பகுதியைக் காட்டி இது உங்களுக்குரியது என்றும், மற்றொரு பகுதியைக் காட்டி இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றும் கூறினார். அண்ணலார் மிம்பரில் ஏறினார்கள். இவர் தம் தாய் தந்தையர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் கேட்டார்கள். இவ்வாறு பெற்றவர் கியாமத்து நாளில் அந்த ஒட்டகத்தையோ, பசுவையோ, ஆட்டையோ தம் கழுத்தில் சுமந்து வருவார் என எச்சரித்தார்கள். பின்னர் இரு கரங்களையும் உயர்த்தி, தாம் சேர்ப்பித்து விட்டதற்கு இறைவனைச் சாட்சியாக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியுள்ளது.

இதில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. ஜகாத்தில் கை வைத்ததாகவும் செய்தி இல்லை. பகிரங்கமாகவே இரண்டையும் பிரித்துக் காட்டினார். அப்படியிருந்தும் அது ஆகுமானதாகக் கொள்ளப்படவில்லை. காரணம், கொடுத்தவர்கள் அவரைப் பார்த்துக் கொடுக்கவில்லை. அவர் வகித்த பொறுப்பைப் பார்த்தே கொடுத்தார்கள்.

"நான் சலுகை எதுவும் காட்டவில்லையே" என்றார் இளைஞர். இன்று காட்டவில்லை, உண்மைதான். அடுத்த மாதம் அதே வியாபாரியின் லாரியில் மட்டமான சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தங்கையின் விரலில் அவருடைய மோதிரம் இருக்கையில், லாரியைத் திருப்பி அனுப்ப இவருடைய நா எழுமா? அந்தத் தயக்கத்துக்குத்தான் வியாபாரி முன்கூட்டியே விலை கொடுத்திருக்கிறார்.

ஹிஜ்ரி 99 முதல் 101 வரை கலீபாவாக இருந்த உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள், நபியவர்களின் காலத்தில் அன்பளிப்பு அன்பளிப்பாகவே இருந்தது, தம் காலத்திலோ அது லஞ்சமாகிவிட்டது எனக் கருதி ஒதுங்கினார்கள். லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையுமே நபியவர்கள் சபித்துள்ளார்கள். நம் நாட்டிலும் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றமாக்கப்பட்டது.

அற்பப் பொருளுக்கும் இவ்வளவு கண்டிப்பா எனச் சிலர் நகைக்கலாம். நாம் ஒரு பணியில் அமர்த்தியவர் ஓர் ஊசியை மறைத்தாலும் அது மோசடியே என்று நபியவர்கள் கூறியதை அதிய்யு இப்னு அமீரா (ரலி) அறிவிக்கிறார்கள். அதைக் கேட்ட மாத்திரத்தில் அன்ஸாரிகளில் ஒருவர் எழுந்து, தமக்களித்த பொறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டினாராம்! நம் அலுவலகங்களிலோ காகிதக் கட்டு வீட்டுப் பிள்ளையின் நோட்டாகிறது. லுஹர் தொழப் போகிறேன் என்று எழுந்து சென்று ஒரு மணி நேரம் கடைத்தெருவில் உலவிவிட்டு வருவோரும் நம்மில் உண்டு. தொழுகையின் பெயரால் நேரத்தைத் திருடுவது எனக்கு மிகவும் அருவருப்பாகப் படுகிறது.

முதலாளிமார் இதைப் படித்துத் தலையாட்டினால் மட்டும் போதாது. பொறுப்பில் இருப்பவருக்கு மனைவியோ வீடோ பணியாளோ இல்லையெனில் அவற்றை அமைத்துக்கொள்ளலாம் என்று நபியவர்கள் அனுமதித்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. குடும்பம் நடத்தப் போதாத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, ஊழியரின் அமானிதத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது நியாயமாகாது.

பிறருக்கு உபதேசிக்கும் எங்களைப் போன்ற ஆலிம்களுக்கும் இச்சோதனை வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இரு சகோதரர்களின் பாகப் பிரிவினைத் தகராறு என்னிடம் வந்திருந்த சமயம், ஒரு கூடை மாம்பழம் வீடு வந்து சேர்ந்தது. நான் மத்ரஸாவிலிருந்து திரும்புவதற்குள் பிள்ளைகள் இரண்டைத் தின்று முடித்திருந்தனர். கடைத்தெருவில் அதே சாதியில் இரண்டு பழம் வாங்கி, கூடையை நிறைத்துத் திருப்பி அனுப்பினேன். அனுப்பியவர் மூத்தவர். அவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இளைஞர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். மோதிரத்தைத் தங்கை அணிந்து புகுந்த வீடு சென்றுவிட்டாள். அதைக் கழற்றச் சொன்னால் சம்பந்தி வீட்டில் பேச்சு எழும். அப்படியானால் அதன் இன்றைய விலையைக் கணக்கிட்டுத் தவணையாகவேனும் வியாபாரியிடம் திருப்பிக் கொடுங்கள், மேலதிகாரியிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார்.

எழுந்தவர் மீண்டும் அமர்ந்தார். "அந்த வியாபாரி வீட்டிலும் அடுத்த மாதம் கல்யாணம் ஹஜ்ரத். விருந்துக்காவது போகலாமா?" என்று கேட்டார்.

காஜி ஒருவர் ஊராரைப் பொதுவாக அழைக்கும் விருந்துக்குச் செல்லலாம். அவருக்கென்றே தனியாக ஏற்பாடு செய்யும் விருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்களில் எழுதியிருக்கிறார்கள். அதையே இவருக்கும் சொன்னேன். "ஊரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள் தம்பி. தனி அறைக்கு அழைத்தால் மட்டும் போக வேண்டாம்."