காது மெஷின் வந்த பிறகு கேட்க வேண்டியவை

ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று லண்டனில் தமிழர் நெருங்கி வாழும் இடங்களில், காது மந்தமான பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி வரும் பதில் இது: “மெசின் தந்தவை. ஒரே இரைச்சல். கழட்டி வைச்சிட்டன்.”

அந்த இரைச்சலுக்கும் விசிலுக்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் சின்னக் குறைதான். அதைச் சரிசெய்து தருவது இங்கே இலவசம். கருவியைக் கையில் கொடுத்ததோடு தேசியச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் கடமை முடிவதில்லை. பேட்டரி, குழாய் மாற்றுதல், பழுது பார்த்தல், ஒலியளவைத் திருத்துதல் எல்லாம் அதே சேவையில் அடக்கம். ‘திரும்பத் திரும்பப் போய்த் தொந்தரவு கொடுப்பானேன்’ என்று தயங்குகிறவர்கள் அந்த உரிமையைத் தாங்களே கைவிடுகிறார்கள்.

இலவசம் எதுவரை?

1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். தொடங்கியபோதே ‘மெட்ரெஸ்கோ’ என்ற கருவியை மக்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பெட்டியை உடம்பில் மாட்டிக்கொண்டு வயரைக் காதுக்கு இழுத்துக்கொள்ள வேண்டிய காலம் அது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி 1974-இல் வந்தது. டிஜிட்டல் கருவிகள் 2000-க்குப் பிறகு பரவின. வடிவம் மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை. கருவி உங்களுக்குக் கடனாகத் தரப்படுகிறது. பேட்டரிக்கும் பழுதுக்கும் காசு இல்லை. கவனக்குறைவால் தொலைத்தாலோ சேதப்படுத்தினாலோ மட்டும் கட்டணம் கேட்கப்படலாம்.

இன்னும் கருவி பெறாதவர்கள் முதலில் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் சொல்லுங்கள். அவர் செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிப் பிரிவுக்கு அனுப்புவார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேளுங்கள்; அதற்கும் கட்டணம் இல்லை. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு லீவு போட வைத்து அழைத்துப் போகத் தேவையில்லை. இரண்டு காதிலும் கருவி தேவைப்படுபவருக்கு இரண்டு கருவிகள் தர வேண்டும் என்கிறது மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி. கருவி பொருத்தி 6 முதல் 12 வாரத்துக்குள் ஒரு மறுபார்வை இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்தத் தேதி உங்களுக்கு வரவில்லையென்றால் நீங்களே போன் செய்து கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது; மருத்துவமனைச் சேவைக்குக் காசு கட்ட வேண்டியிருக்கும். அகதித் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்திருப்பவர்களுக்குச் சேவை இலவசம்.

முதல் வாரங்கள்

பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகள் ஒரே நாளில் திரும்பி வந்தால் மூளை திணறும். கடுகு வெடிப்பது, குழாய்த் தண்ணீர், பிரிட்ஜ் உறுமல் எல்லாம் ஒரே அளவில் மோதும். சொந்தக் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இது பழகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு பேசுங்கள். பிறகு டிவி, பிறகு கடைத்தெரு என்று கூட்டிக்கொண்டே போங்கள். முதல் நாளே தவிலும் நாதஸ்வரமும் முழங்கும் கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் வெறுப்புதான் மிஞ்சும். விசேஷத்துக்கு மட்டும் மாட்டினால் மூளை பழகாது. தினமும் மாட்ட வேண்டும்.

எங்கே சிரமம் என்று எழுதி வையுங்கள். ‘பாத்திரச் சத்தம் காதைக் குத்துகிறது’, ‘பேத்தி பேசுவது புரியவில்லை’, ‘வாட்ஸ்அப்பில் யாழ்ப்பாணத்துக்குப் பேச முடியவில்லை’ என்ற அளவில் சொன்னால்தான் ஆடியாலஜிஸ்ட் கணினியில் ஒலியைத் திருத்த முடியும். ‘சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

எண்ணெய், ஆவி, குறும்பி

நம் வீடுகளில் கருவியைக் கெடுப்பவை இந்த மூன்றும்தான். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் முடிக்கு டை அடிக்கும்போதும் ஸ்பிரே போடும்போதும் கருவியைக் கழற்றிவிடுங்கள். எண்ணெய் ஊறி, முடி உலர்ந்து, கையையும் துடைத்த பிறகே மாட்டுங்கள். குளியலறைக்குள் கொண்டு போகாதீர்கள். ஆவி பறக்கும் இட்லிப் பானைக்கு மேல் குனியும்போதும் கவனம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் கட்டாயம் கழற்ற வேண்டும்.

காதை அடைத்துப் பொருந்தும் அச்சு உள்ள கருவியென்றால், அச்சைக் குழாயோடு கழற்றி வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவுங்கள். குழாயில் தங்கிய நீரை ஊதி எடுத்து நன்றாக உலர்த்திய பின் இணையுங்கள். மெஷின் பகுதியில் நீர் படக் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மெல்லிய குழாய் உள்ளதென்றால் அதற்கென்று கொடுத்த நைலான் கம்பியை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அச்சின் குழாய் சில மாதங்களில் கெட்டிப்பட்டுவிடும். அதை ஆடியாலஜியில் மாற்றித் தருவார்கள்.

பேட்டரியின் அளவை ஒட்டுத்தாளின் நிறம் காட்டும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். தாளை உரித்ததும் காற்றுப் பட்டுத்தான் அது வேலை செய்யத் தொடங்கும்; ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து வைத்தால் ஈரமும் உலரும், சக்தியும் மிஞ்சும்.

விசில் அடித்தால், சத்தமே வராவிட்டால்

விசில் அடித்தால் அச்சு சரியாக உட்காரவில்லை, குழாய் வெடித்திருக்கிறது, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது. சத்தமே வராவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள், குழாயில் அடைப்போ நீர்த்துளியோ இருக்கிறதா பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் ஆடியாலஜிக்குப் போன் செய்யுங்கள்.

குறும்பியை எடுக்கக் குச்சியோ ஊக்கோ வேண்டாம். காது மெழுகுவர்த்தியால் பயன் இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஆலிவ் எண்ணெய்ச் சொட்டு இளக்கித் தரும். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் அதையும் விடக் கூடாது. ஷெல் வெடிப்பில் காது பாதிக்கப்பட்டவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பல ஜி.பி.க்கள் இப்போது குறும்பி எடுப்பதில்லை. உங்கள் பகுதியில் என்.எச்.எஸ். வழி எங்கே எடுக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினாலோ மூக்கில் காதில் திணித்துக்கொண்டாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரை என்று நினைத்துப் பேட்டரியை விழுங்கிய பெரியவர்களும் உண்டு. மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் அதை வைக்காதீர்கள்.

மூன்று நாளுக்குள் திடீரென்று கேட்கும் திறன் குறைந்தால் அது மெஷின் கோளாறு என்று இருந்துவிடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை அது.

கருவியைக் கழற்றிவிட்டுத் தூங்கும்போது தீ அலாரம் கேட்காது. லண்டன் தீயணைப்புப் படை இலவசமாக வீட்டுக்கு வந்து தீப் பாதுகாப்பு பார்க்கிறது. காது கேளாதவர்களுக்கென ஒளி வீசும், அதிரும் அலாரங்களைப் பற்றி அப்போது கேளுங்கள். குரலால் 999-ஐ அழைக்க முடியாதவர்கள் ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்குச் செய்தியாக அனுப்பி முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம்.

காசு கொடுத்து வாங்குவதென்றால்

தனியாரிடம் ஒரு கருவி 500 பவுண்டிலிருந்து 3,500 பவுண்டு வரை போகலாம். விற்பவர் சுகாதாரத் தொழில்முறையாளர்களைப் பதிவு செய்யும் எச்.சி.பி.சி. அமைப்பின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதன் இணையத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து விற்றிருந்தாலோ இணையத்தில் வாங்கியிருந்தாலோ பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். உங்கள் காதுக்கென்றே செய்த பொருளுக்கு இது பொருந்தாமல் போகலாம். ஆகவே பணம் கட்டும் முன்பே திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். பழுதுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. கிரெடிட் கார்டில் வாங்கிய பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை என்றால் கார்டு நிறுவனமும் பொறுப்பு.

வெளியிலும் வேலையிலும்

காதுப் படமும் ‘டி’ எழுத்தும் கொண்ட பலகை தொங்கும் கவுண்டர்களில் பேச்சை நேரே காதுக் கருவிக்கு அனுப்பும் லூப் வசதி இருக்கும். லண்டனின் கறுப்பு டாக்ஸிகளிலும் உண்டு. உங்கள் கருவியில் டி அமைப்பைத் திறந்துவிடச் சொல்லி ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். 2010 சமத்துவச் சட்டப்படி, ஊனமுள்ளவருக்கு நியாயமான வசதி செய்து தருவது கடைக்கும் வங்கிக்கும் முதலாளிக்கும் கடமை. வேலை செய்பவர்கள் ‘ஆக்சஸ் டு வொர்க்’ என்ற அரசு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஜி.பி. உங்களைப் போனில் அழைக்காமல் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் அதைக் கோப்பில் குறிக்கச் சொல்லுங்கள். 2016 முதல் அது என்.எச்.எஸ். கடைப்பிடிக்க வேண்டிய விதி.

கவனிக்காவிட்டால்

போன் செய்தும் தேதி வரவில்லை, மொழிபெயர்ப்பாளர் தரவில்லை என்றால் மருத்துவமனையின் பால்ஸ் என்ற நோயாளர் உதவிப் பிரிவிடம் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் முறையான புகார் எழுதலாம். பொதுவாக 12 மாதத்துக்குள் எழுத வேண்டும். அதற்குக் கிடைத்த பதிலும் திருப்தி தராவிட்டால் நாடாளுமன்ற, சுகாதாரச் சேவை ஆம்புட்ஸ்மனிடம் போகலாம்.

வீட்டில் மாட்டாமல் கிடக்கும் கருவி இருந்தால் அதன் டப்பாவையோ கூடவந்த சிறு புத்தகத்தையோ எடுங்கள். ஆடியாலஜியின் எண் பெரும்பாலும் அதில் இருக்கும். போனில் பேசக் கஷ்டமென்றால் பிள்ளைகளை ஈமெயில் அனுப்பச் சொல்லுங்கள். ‘கருவி இருக்கிறது, சரியாகக் கேட்கவில்லை, மறுபடி பார்க்க வேண்டும்’ என்ற ஒரு வரி போதும்.