கார் நிக்கோபார்க் களிமண்ணில் சமுத்திரத்தின் சரித்திரம்

கார் நிக்கோபார்த் தீவில் பாசில் தேடுவதற்கு ஏற்ற காலம், தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய கோடையாகும். இத்தீவு பழங்குடி மக்களின் காப்பகம். ஆதலின், 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நிர்வாகத்தின் அனுமதி பெற்றே வெளியார் இங்கு வரலாம். வடகரையிலுள்ள சவாய் விரிகுடாவை நாடி வரும் ஆராய்ச்சியாளர், வெயில் ஏறுமுன், கடல் வற்றும் நேரம் பார்த்து வேலையைத் தொடங்குவர்.

பெரிய சிப்பிகளையும் சங்குகளையும் எதிர்பார்த்து வருபவர் இங்கே ஏமாற்றமடையக் கூடும். இங்குள்ள செல்வம் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாதது. ஒரே உயிரணுவாலான பொராமினிபெரா என்னும் நுண்ணுயிர்கள் தமக்கெனக் கட்டிக்கொண்ட சுண்ண ஓடுகளே அது. அவற்றுட் பல, மணல் துகளினும் பெரியவை அல்ல. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலின் அடியில் சேறாகப் படிந்த இப்படிவுகள், இந்திய நிலத்தட்டு பர்மியத் தட்டின் கீழ்ச் செருகுவதால் உண்டான அழுத்தத்தால் உயர்ந்து, இன்று கரையில் காட்சி தருகின்றன.

வெயிலாலும் மழையாலும் சிதைந்த மேற்பரப்பைச் சுரண்டி நீக்கியபின், உள்ளிருக்கும் புதிய களிமண்ணில் கைப்பிடியளவு எடுப்பர். படுகையின் அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் எடுக்கப்பட்டது என்பதை அளந்து, பையின் மீதும் குறிப்பேட்டிலும் எழுதுவர். பின்னர் மண்ணை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசினால் சேறு ஓடிவிடும், ஓடுகள் தங்கும். ஒரு நாள் உழைப்பின் பலன் ஒரு சிட்டிகையளவே ஆயினும், உருப்பெருக்கியின் கீழ் அதுவே ஒரு தனி உலகமாகத் தோன்றும்.

இந்தத் தேடலுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1857 முதல் 1859 வரை உலகைச் சுற்றிய ஆஸ்திரியக் கப்பலான நோவாரா, 1858-இல் நிக்கோபார்த் தீவுகளுக்கு வந்தது. அதில் பயணம் செய்த பூதத்துவ அறிஞர் ஹோக்ஸ்டெட்டர் கார் நிக்கோபாரின் களிமண்ணைச் சேகரித்துச் சென்றார். கான்ராட் ஷ்வாகர் அதனை ஆராய்ந்து, 1866-இல் பல புதிய இனங்களை விவரித்தார். அவற்றுள் ஒன்றுக்குப் பயணத் தலைவரான வுல்லர்ஸ்டார்பின் பெயரைச் சூட்டினார். நூறாண்டு கழிந்தபின் எம். எஸ். சீனிவாசனும் வி. சர்மாவும் ஷ்வாகரின் இனங்களை மறுபடி ஆராய்ந்து, 1980-இல் திருத்திய விளக்கத்தை வெளியிட்டனர்.

வுல்லர்ஸ்டார்பின் பெயர் தாங்கிய இனம் இன்றும் ஆழ்கடல் தரையில் வாழ்கிறது. அதன் ஓட்டில் பிராணவாயுவின் இலேசான அணுவும் கனமான அணுவும் கலந்திருக்கும் விகிதம், அது வாழ்ந்த நீரின் குளிர்ச்சியையும் அக்காலத்து நிலவுலகில் உறைந்திருந்த பனியின் அளவையும் பொறுத்தது. கடல் குளிர்ந்து பனி பெருகினால் கனமான அணுவின் பங்கு மிகும். 57 இடங்களில் கிடைத்த ஆழ்கடல் ஓடுகளின் அளவீடுகளை இணைத்து, 53 லட்சம் ஆண்டுகளின் பனி, வெப்பநிலை மாறுதல்களைக் காட்டும் பட்டியல் 2005-இல் வெளியாயிற்று. இவ்வகை ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் இனங்களுள் ஷ்வாகர் பெயரிட்ட இதுவும் ஒன்று.

ஆகவே ஓர் இனத்தின் பெயரில் ஐயம் எழுமாயின், அது முதலில் கிடைத்த இடத்துக்கே அறிஞர் திரும்ப வேண்டும். அவ்விடமும் என்றும் மாறாது நிற்பதன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த நில அதிர்ச்சியில் இத்தீவு ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை கரையின் உருவையே மாற்றிவிட்டது. அலை கொண்டுபோன படுகையை மீண்டும் அளக்க முடியாது; முன்பே எழுதிவைத்த குறிப்பு மட்டுமே எஞ்சும். இடமும் படுகையும் குறிக்கப்படாத பாசில் அழகிய பொருளாகலாமேயன்றிச் சான்றாகாது. களப்பணியாளர் சுத்தியலை எடுக்குமுன் குறிப்பேட்டை எடுப்பது இதனாலேயே.

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கற்பிக்கத் தீவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. மண்டபம் போன்ற பவளக் கரையோரங்களின் மணலில் ஒரு சிட்டிகை எடுத்து, உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால் இவ்வுயிர்களின் உறவினங்களின் ஓடுகளைக் காணலாம். அம்மணல் எந்தக் கரையில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதை மாணவரே சீட்டில் எழுதி ஒட்டட்டும். அதுவே அவர்களுக்கு விஞ்ஞானத்தின் முதற்பாடமாகும்.