வாக்கி டாக்கியைக் கணினியோடு பேசவைக்கும் கேபிள்

ஹாம் ரேடியோக்காரர்களிடம் உலகம் முழுக்கப் புழங்கும் மலிவான கையடக்கக் கருவி, சீனாவின் பாவ்ஃபெங் யூ.வி-5ஆர். 2012-ல் சந்தைக்கு வந்தது. 128 சேனல்களை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் பொத்தான்களை அழுத்தி ஒவ்வொன்றாகப் பதிய உட்கார்ந்தால் பொறுமை போய்விடும். ஒரு ரிப்பீட்டரை, அதாவது நம் குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையத்தைப் பதிய, கேட்கும் அலைவெண்ணைத் தனியாகவும் பேசும் அலைவெண்ணைத் தனியாகவும் சேமிக்க வேண்டும். அதற்கு முன் டோன், ஆஃப்செட் என்று மெனுவுக்குள் போய்வர வேண்டும். இவ்வளவு செய்தும் சேனலுக்கு ஒரு பெயர் வைக்க முடியாது. பெயர் வேண்டுமென்றால் கணினிதான் கதி.

அதற்கென்றே ஒரு கேபிள் விற்கிறார்கள். ஒரு முனையில் யூ.எஸ்.பி.; மறுமுனையில் 2.5 மி.மீ., 3.5 மி.மீ. அளவில் இரண்டு பிளக்குகள். கென்வுட் கருவிகளில் வந்த அதே அமைப்பு. தனி மைக் மாட்டும் துளைகளில்தான் இதையும் செருக வேண்டும். பார்த்தால் வெறும் கம்பி போலத் தெரியும். ஆனால் யூ.எஸ்.பி. முனையின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. தொல்லைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

ரேடியோவில் இருக்கும் நுண்செயலிக்கு யூ.எஸ்.பி. புரியாது. அதற்குத் தெரிந்தது பழைய சீரியல் முறைதான்: பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு 9600 வீதம் அனுப்புவது. பழைய கணினிகளின் பின்புறம் ஒன்பது ஊசிகளோடு இருந்த ஆர்.எஸ்-232 போர்ட்டும் இதே முறையில் பேசியதுதான். ஆனால் அதன் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் 15 வோல்ட் வரை போகும். ரேடியோவின் சுற்றோ ஐந்து வோல்ட்டைத் தாண்டாதது. நேரடியாக இணைத்தால் கருவி கெட்டுப்போகலாம். யூ.எஸ்.பி.யைச் சீரியலாக்குவது, அழுத்தத்தை ரேடியோவுக்கு ஏற்ற அளவில் வைப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் கேபிளின் சிப் பார்த்துக்கொள்கிறது.

இந்தச் சிப்பைச் செய்பவர்களில் தைவானின் புரோலிஃபிக், ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. இரண்டும் பெயர்பெற்றவை. பெயர் வந்தால் போலியும் வரும். புரோலிஃபிக்கின் பி.எல்.2303 சிப்பைப் போலவே செய்து மலிவுக் கேபிள்களில் போட்டார்கள். நிறுவனம் தன் புதிய விண்டோஸ் டிரைவரில் போலியை ஒதுக்கும் சோதனையைச் சேர்த்தது. அதனால்தான் கேபிளைச் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 10' என்ற பிழையும் வருகின்றன. போலிகளோடு, நிறுவனமே கைவிட்ட பழைய அசல் சிப்புகளும் இதில் மாட்டிக்கொண்டன. பழைய டிரைவரை நிறுவினால் கேபிள் பெரும்பாலும் உயிர்பெறும். விண்டோஸ் அப்டேட் மறுபடி புதியதைத் திணித்தால் வேலை மீண்டும் முதலிலிருந்து.

எஃப்.டி.டி.ஐ. இன்னும் ஒருபடி மேலே போனது. 2014-ல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலிச் சிப்பின் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றி எழுதியது. அதன்பின் எந்தக் கணினியும் அதை வழக்கம்போல் அடையாளம் காணவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலியை ஒடுக்க நினைத்தது சரி. ஆனால் தண்டனை போலி செய்தவனுக்கு அல்ல, தெரியாமல் வாங்கியவனுக்குப் போனது. லினக்ஸில் இந்தச் சண்டை கிடையாது. அங்கே பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்தால் பெரும்பாலும் போதும்.

டிரைவர் சரியாகிவிட்டால் கணினி கேபிளுக்கு ஒரு காம் போர்ட் எண் கொடுக்கும். சிர்ப் என்ற இலவச மென்பொருளில் அதே எண்ணையும் ரேடியோ மாடலையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மென்பொருள் முதலில் ஏழு பைட்டுகளை அனுப்பித் தட்டிப் பார்க்கும். யூ.வி-5ஆரின் பல பதிப்புகளுக்கு அவற்றில் கடைசி நான்கு 20, 12, 07, 25. யாரோ ஒரு பொறியாளர் 2012 ஜூலை 25-ஐ எழுதிவைத்தார் போலும். ரேடியோ ஒரே ஒரு பைட்டில் 'சரி' என்றால்தான் மேற்கொண்டு பேச்சு.

அந்தப் பதில் வரவில்லை என்றால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். சில கேபிள்களில் பிளக்கைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தடிமனாக இருப்பதால் முழுதாக உள்ளே போகாது. 'டக்' என்று உட்காரும் வரை அழுத்த வேண்டும். ரேடியோ ஆன் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் பலர் மறக்கிறார்கள்.

புதிதாகக் கேபிள் வாங்குகிறவர்கள் நூறு இருநூறு ரூபாய் கூடப் போனாலும் சிப்பின் பெயரைத் தெளிவாகச் சொல்லி விற்பதையே வாங்குங்கள். இணைப்பு கிடைத்ததும் எதையும் எழுதாமல், முதலில் ரேடியோவில் உள்ளதைப் படித்து ஒரு கோப்பாகச் சேமியுங்கள். ஏதாவது தவறினால் திரும்பப் போட அது ஒன்றே வழி. இந்தியாவில் ஹாம் உரிமம் பெற்றவர்கள் இந்தக் கருவியில் பேசக்கூடியது 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் மட்டும். மென்பொருள் வேறு எண்களையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் என்பதால், எழுதும் முன் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.