மெலிந்த பின் தளர்ந்த மேற்கை

மும்பையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே, துறைமுக வழி மின்வண்டிப் பாதையில் உள்ளது திலக் நகர். சென்னையிலிருந்து வரும் வண்டிகள் வந்து சேரும் லோகமான்ய திலக் முனையமும் அதற்கு மிக அண்மையில் இருப்பதால், அவ்வட்டாரத்து நம்மவர்க்கு ஊர்ப்பயணம் என்பது பெரும்பாலும் பெட்டி தூக்கும் பயணமே. வண்டியின் மேற்பலகைக்குப் பெட்டியை ஏற்றுவது, நெரிசலில் கைப்பிடியைப் பற்றி நிற்பது, அரிசிப்பையுடன் மாடி ஏறுவது ஆகிய யாவும் கையின் வலிமையை நம்பியவை.

நீரிழிவுக்கு அஞ்சியோ மருத்துவர் சொற்கேட்டோ உணவைக் குறைத்து, நாள்தோறும் நடந்து, பத்துப் பன்னிரண்டு கிலோ குறைந்துவிட்ட நடுத்தர வயதினர் பலர் இன்று நம்மிடையே உளர். அவர்கள் பின்னர் கூறும் குறைகள் மூன்று: மேற்கையின் அடிப்புறம் தொங்குகிறது; ரவிக்கையும் சட்டையும் கையில் பொருந்தவில்லை; முன்பு எளிதாகத் தூக்கிய பெட்டி இப்போது கனக்கிறது. முதல் இரண்டும் தோற்றம் பற்றியவை. அவற்றை நாம் இகழவில்லை. ஆயினும் மூன்றாவதே பெரிது. ஏனெனில் குறைந்தது கொழுப்பு மட்டுமன்று, தசையும் என்பதை அது காட்டுகிறது.

உணவை மட்டும் குறைத்து மெலிபவர் இழக்கும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தசை முதலான கொழுப்பல்லாத பகுதி என்பது பொதுவான கணக்கு. நம் நாட்டவர்க்கோ தசையின் கையிருப்பே குறைவு. 2004 ஆம் ஆண்டில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையும் ‘லான்செட்’ இதழில் அருகருகே வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தராசு ஒன்றையே சொல்லிற்று. உடல்கள் வேறு வேறாக இருந்தன. 2025 இல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துவிட்ட எடைக்குறைப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்வோரும் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி, கையின் அமைப்பு. மேற்கையின் முன்புறத்தில் இருப்பது இருதலைத் தசை. பின்புறத்தில் இருப்பது முத்தலைத் தசை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொற்கள் முதலில் வேடிக்கையாகத் தோன்றியதுண்டு. இங்குத் தலை என்பது தசை எலும்பில் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் என்று அறிந்தபின் பெயர் பொருத்தமாகவே பட்டது. முன்தசை முழங்கையை மடக்கும், பின்தசை நீட்டும். இளைஞர்கள் கண்ணாடி முன் மடக்கிக் காட்டுவது முன்தசையை. ஆனால் மேற்கையின் பருமனில் பெரும்பங்கு பின்தசையுடையது. தொங்குவதாக நாம் காணும் இடமும் அதுவே.

கையை வீசிக்கொண்டே இருந்தால் கைக்கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. 1971 இல் கலிபோர்னியாவில் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தனர். ஆண்டுக்கணக்கில் மட்டையைப் பிடித்த கை மற்றதைவிடப் பருத்திருந்தது. தோலுக்கடியிலிருந்த கொழுப்போ அக்கையில் குறைந்திருக்கவில்லை. உழைத்த இடத்தில் தசை வளர்கிறது. கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும் தன் போக்கில் குறைகிறது. தளர்ந்த தோலும் எண்ணெய் தேய்ப்பதால் இறுகிவிடாது. நெடுநாள் பருத்திருந்தவர்க்குத் தோலின் மீள்தன்மை குன்றியிருக்கும். எஞ்சியது சுருங்க மாதங்கள் பல ஆகும். ஆகவே நாம் செய்யக்கூடியது, தோலின் கீழுள்ள தசையை வளர்த்து அவ்விடத்தை ஓரளவு நிரப்புவது.

இதற்குச் சுவரே போதும். ஒரு கை தூரத்தில் நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்க மார்பைச் சுவரருகே கொண்டுபோய், தள்ளி மீள வேண்டும். இது எளிதானதும் சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துச் செய்யலாம். பின்னர் உறுதியான கட்டிலின் விளிம்பு. அதன்பின் தரையில் தண்டால். உடல் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு சுமை கைக்கு வரும். அடுத்தது, நீர் நிரம்பிய ஒரு லிட்டர் புட்டி. அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளாலும் அதனைத் தலைக்குமேல் பிடித்து, முழங்கையை மடக்கிப் பின்னந்தலைப் பக்கம் தாழ்த்தி, மீண்டும் நீட்ட வேண்டும். முன்தசைக்கு இரண்டு கிலோ அரிசியிட்ட துணிப்பையைத் தொங்கவிட்டு மடக்கித் தூக்கினால் போதும்.

எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, சற்று ஓய்ந்து, மீண்டும் ஒரு சுற்று. கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும்; இல்லையேல் சுமை போதவில்லை. பலர் தவறுவது இங்கேதான். அதே புட்டியை ஆண்டு முழுதும் தூக்குவர். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையே ஒருநாள் ஓய்வுடன் செய்தால் போதும். முதற் சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது; கண்ணுக்குத் தெரியும் மாறுதலுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்.

நம்மவர்க்கு இதெல்லாம் புதிதன்று. கரளாக்கட்டை சுழற்றும் வழக்கத்தை இந்நாட்டில் கண்ட ஆங்கிலப் படையினர் அதனைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் அது ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. தோளுக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் குறுகிய அறையில் சுழற்றத் தொடங்கினால் மின்விளக்குக்கு ஆபத்து.

பயிற்சி இருந்தும் புரதம் இல்லையேல் பயன் குறையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வகுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம், 60 கிலோ உடையவர்க்கு ஏறத்தாழ 50 கிராம். சோறும் ரசமும் அந்த அளவை எட்டா. ஒரு முட்டையில் 6 கிராம் அளவும், ஒரு தம்ளர் பாலில் அதே அளவும், நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராம் அளவும் உண்டு. மாலையில் சுண்டல் நல்ல வழக்கம். சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

இரத்த அழுத்தம் உடையவர் தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது. தள்ளும்போது வெளிவிட வேண்டும். நீரிழிவுக்காரர் சிலருக்குத் தோள் இறுகிப்போகும். அவர்கள் வலியை மீறித் தலைக்குமேல் தூக்குதல் கூடாது. நாற்பது ஐம்பது கிலோ இழந்தவர்க்கு மிஞ்சும் தோல் எப்பயிற்சிக்கும் அடங்காது. அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் அக்குளிலிருந்து முழங்கை வரை தழும்பு நிற்கும்.

முன்னேற்றத்தை அறியத் தையற்காரர் நாடாவை நம்ப வேண்டா. கொழுப்பு குறைந்து தசை கூடினால் சுற்றளவு மாறாமலே இருக்கலாம். சமையல் மேடையில் எத்தனை முறை தள்ள முடிகிறது என்பதை நாட்காட்டியின் ஓரத்தில் மாதமொருமுறை குறித்து வரலாம்.